வாப்பாவின் புல்லட்டும் ஆடிய கைப்பிடியும்





மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஃபிக்ஹு கற்பிப்பவனுக்குப் பால்ரஸும் புஷ்ஷும் எதற்கு என்று எங்கள் முஹல்லாவிலேயே சிலர் கேட்டுவிட்டனர். அவர்களுக்குத் தெருவில் நின்று சொன்ன விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்போருக்கும், அதைப் புதுப்பிக்க எண்ணுவோருக்கும், குறிப்பாக விற்க எண்ணுவோருக்கும் இதில் ஏதேனும் பயன் இருக்கலாம்.

வண்டி என் வாப்பாவுடையது. 1986ஆம் ஆண்டின் புல்லட், 350 சி.சி. வாப்பா கீழக்கரையில் சங்கு வணிகம் செய்தவர்கள். பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கடற்கரையோர ஊர்களுக்கெல்லாம் அந்த வண்டியிலேயே போய்வருவார்கள். அஸருக்குப் பின் தெருமுனையில் அதன் ஓசை கேட்டதும் உம்மா அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்கள். வண்டி வீட்டு வாசலுக்கு வரவும் தண்ணீர் கொதிக்கவும் சரியாக இருக்கும்.

புல்லட்டின் வரலாறு நம் மாநிலத்தோடு பின்னியது. 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து இதைத் தயாரிக்கத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் அந்தத் தொழில் மூடப்பட்ட பின்னரும், அங்கே வரையப்பட்ட அதே வண்டி பல பத்தாண்டுகள் இங்கே பெரிய மாற்றமின்றி உருவாகிக்கொண்டிருந்தது. ஆதலால்தான் பழைய புல்லட்டைத் திருத்துவது எளிது. உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. கிடைக்காதவற்றை லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

வாப்பா வஃபாத்தான பின் வண்டி கொல்லையில் ஓலைச் சார்ப்பின் கீழ் ஆறு ஆண்டுகள் நின்றது. கடற்காற்று வீசும் ஊரில் ஆறு ஆண்டுகள் என்றால், உள்ளூரில் பதினைந்து ஆண்டுகள் நின்றதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு ஈரம் புகாத இடமில்லை. பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து பார்த்து 24,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். அப்போதுதான் என் லாத்தாவின் மகன், பாலிடெக்னிக் முடித்திருந்தவன், "மாமா, இத நான் எடுத்துச் சரி பண்ணிக்கிறேன்" என்று கேட்டான்.

வண்டி வாரிசுச் சொத்து. "பிள்ளை ஆசைப்படுகிறான், எடுத்துக்கொள்ளட்டும்" என்று ஒருவர் வாயால் சொல்லி முடிக்கும் காரியமன்று. நகைக்கும் நிலத்துக்கும் பாகம் பிரிக்கும் நம் மக்கள் வண்டி, தையல் இயந்திரம், அலமாரி போன்றவற்றை ஓசையின்றி யாரேனும் ஒருவர் எடுத்துக்கொள்ள விட்டுவிடுகின்றனர். பெண்மக்களின் பங்கு பெரும்பாலும் இப்படித்தான் கரைகிறது. எங்களுக்குக் கணக்கு எளிதாக அமைந்தது. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் எனக்கு இரண்டு பங்கு, லாத்தாவுக்கு ஒரு பங்கு. 24 பாகமாக வைத்தால் உம்மாவுக்கு 3, லாத்தாவுக்கு 7, எனக்கு 14. இரும்புக்காரர் சொன்ன விலையில் ஒரு பாகம் ஆயிரம் ரூபாய். உம்மாவும் லாத்தாவும் தங்கள் பாகங்களைப் பையனுக்கு ஹிபாவாக அளித்தனர். என் 14,000 ரூபாயை அவன் சம்பாதிக்கும் நாளில் தருவதாக எழுதிக்கொண்டோம். பதிவுச் சான்றிதழும் படிவம் 31 வழியே அவன் பெயருக்கு மாறியது.

பையன் தன் சாச்சாவிடம் 60,000 ரூபாய் கர்ளு ஹஸனாவாக வாங்கினான். ரமலானுக்கு முன் திருப்பித் தருவதாக வாக்கு. வண்டியை வெளியூரிலுள்ள ஒரு பட்டறைக்கு அனுப்பினான். இரண்டு மாதம் கழித்து வந்தது. கண்ணைப் பறிக்கும் கறுப்பு வண்ணம்; டாங்கில் கையால் இழுத்த பொன்னிறக் கோடுகள்; குரோம் பூச்சில் முகம் பார்க்கலாம். எஞ்சினும் நன்றாகவே செய்திருந்தார்கள்; இரண்டாம் உதையில் உயிர்பெற்றது. உம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்கள்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் பையன் திருப்புல்லாணி சாலையில் ஓட்டிப் பார்த்தான். திரும்பி வந்தவனின் முகம் வெளுத்திருந்தது. "ஐம்பதத் தாண்டினதும் ஹேண்டில் தானா ஆடுது மாமா. பிடிச்சாலும் நிக்கல. ஒரு லாரி எதிர்ல வந்துச்சு..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டான்.

பழைய வண்டியைப் புதுப்பிப்போர் பலரும் செலவு செய்யும் வரிசையே தலைகீழாக இருக்கிறது. வண்ணம் முதலில், குரோம் அடுத்து, எஞ்சின் மூன்றாவது; வண்டியை நேராக ஓடச் செய்யும் பாகங்கள் கடைசியில், அதுவும் பணம் எஞ்சினால். அப்பாகங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, நிழற்படத்தில் விழுவதுமில்லை. டாங்கின் மேல் ஆயத்துல் குர்ஸி ஒட்டுத்தாள் ஒட்டுவதற்கு இருக்கும் அக்கறை, அதற்குக் கீழே உள்ள பால்ரஸைத் திறந்து பார்ப்பதற்கு இருப்பதில்லை.

கைப்பிடி ஏன் ஆடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றவை விளங்கா. பெரிய கடைகளில் பொருள் எடுத்துவைக்கும் தள்ளுவண்டியின் சிறு சக்கரங்களைக் கவனித்திருப்பீர்கள். சக்கரம் தன் அச்சாணிக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டு வருவதால், தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரமும் அவ்வாறே. கைப்பிடி சுழலும் அச்சை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் தரையில் விழும். அந்தச் சிறு தொலைவுதான் சக்கரத்தை நேராக இழுத்து வைக்கிறது. ஆனால் அதே தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் ஒரு சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்வதையும் கண்டிருப்பீர்கள். நேர்நிலைக்குத் திரும்பும் சக்கரம் அங்கே நில்லாமல் மறுபக்கம் தாண்டிவிடுகிறது, மறுபடியும் திரும்புகிறது, மறுபடியும் தாண்டுகிறது. இணைப்புகள் இறுக்கமாக இருக்கும் வண்டியில் இந்த ஆட்டம் தொடங்கிய இடத்திலேயே அடங்கிவிடும். தேய்ந்து இடைவெளி விழுந்த வண்டியில் ஒவ்வொரு முறையும் வளரும். நொடிக்கு நான்கு முதல் பத்து முறை வரை கைப்பிடி அடித்துக்கொள்ளும்.

வேறொரு ஆட்டமும் உண்டு. அது மெதுவானது, கைப்பிடி மட்டுமன்றி வண்டி முழுவதும் பாம்புபோல் இடமும் வலமும் நெளியும். பெரும்பாலும் கூடுதல் வேகத்தில், பின்னால் ஆளோ சுமையோ இருக்கும்போது வரும். முன்னது பெரும்பாலும் முன்பக்கத்து நோய். பின்னதற்குப் பெரும்பாலும் பின்பக்கத்தில் தேட வேண்டும். இரண்டையும் "ஹேண்டில் ஆடுது" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால்தான் மருந்தும் தவறிப்போகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். அந்த வாரமே பையனின் கைபேசிக்கு மதுரையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அவன் நண்பர்கள் பரப்பிய படத்தைப் பார்த்து, பழைய வண்டிகளில் ஆர்வமுள்ள ஒருவர் 1,25,000 ரூபாய்க்குக் கேட்டார். பையனுக்குக் கத்தாரில் வேலை ஏற்பாடாகிக்கொண்டிருந்த நேரம். பயணச் செலவு, சாச்சாவின் கடன், எனக்குத் தரவேண்டியது எல்லாவற்றுக்கும் இந்த ஒரு தொகை போதும். வாப்பாவின் வண்டி போகிறதே என்ற வருத்தம் எங்களுக்கு இருந்தபோதிலும், அது அவனுடைய சொத்து, முடிவும் அவனுடையது.

அவனுடைய நண்பன் ஒருவன் வழி சொன்னான். பழைய புல்லட்டின் கைப்பிடி நடுவில் ஒரு திருகு குமிழ் உண்டு. அதை இறுக்கினால் உள்ளே தகடுகள் உரசிக் கைப்பிடியின் அசைவைத் தடுக்கும். "அத இறுக்கி வுட்டுரு. ஆட்டம் தெரியாது. அவரு மினி லாரில ஏத்திக்கிட்டுத்தான் போவாரு. அதுக்கப்புறம் ஷோவுக்கு நிறுத்துவாரு, ஓட்டவா போறாரு?" என்றானாம். பையன் இதை என்னிடம் மறைக்காமல் வந்து சொன்னான். அல்ஹம்துலில்லாஹ், அதற்காகவே அவன்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

வாங்கல் விற்றல் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். பொருளின் குறையை அறிந்தவர் வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பது ஷாஃபியீ மத்ஹபில் தெளிவான சட்டம். விற்பவர் மட்டுமல்லர், அக்குறையை அறிந்த மூன்றாம் மனிதருக்கும் அக்கடமை உண்டு. அதாவது, பையன் சொல்லாவிட்டால் நான் அந்த மனிதரைத் தேடிச் சொல்ல வேண்டியவன். மறைத்து விற்றால், ஒப்படைப்பதற்கு முன்பே இருந்த குறையைக் காட்டி வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரவும் உரிமை உண்டு. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமிருக்கக் கண்டு அவ்வணிகரைக் கண்டித்த செய்தியை நம் பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே படிக்கின்றனர். ஈரமான தானியத்தை விற்கவே கூடாது என்று அங்கே தடுக்கப்படவில்லை. ஈரத்தை மேலே தெரியும்படி வைக்கச் சொல்லப்பட்டது. இந்த நுணுக்கத்தைப் பையனிடம் எடுத்துச் சொன்னேன்.

அந்தக் குமிழைப் பற்றியும் ஒரு சொல். அளவோடு இறுக்கினால் பயனுள்ள பொருள்தான். கரடுமுரடான சாலைக்காக வைத்தது. ஆனால் இரு சக்கர வண்டி நிமிர்ந்து ஓடுவதே கைப்பிடி ஓயாமல் நூலிழை அளவு இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருப்பதால்தான். ஓட்டுபவர் அதை உணர்வதில்லை. குமிழை இறுக்கிக் கைப்பிடியைக் கட்டிப்போட்டால் படபடப்பு மறையும். பாம்பு நெளிவு தொடங்கும். மெதுவாக ஓட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். வேகம் கூடியபின்தான் தெரியவரும். தெரியவரும்போது 160 கிலோ எடையுள்ள வண்டி கைக்கு அடங்காது.

ஆகவே விற்பனையை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லி, இராமநாதபுரத்தில் ஒரு வயது முதிர்ந்த மிஸ்திரியிடம் போனோம். வாப்பாவை அறிந்தவர். என்னைக் கண்டதும், "வாங்க அசரத்து, வாப்பா வண்டியா இது? பொண்ணு மாதிரி அலங்காரம் பண்ணிருக்கீங்க" என்று சிரித்தார். கருவி எதையும் தொடாமல் பையனிடம் கேள்விகளாகவே கேட்டார். எந்த வேகத்தில் ஆடுகிறது? வேகம் கூட்டும்போதா, குறைக்கும்போதா? ஒரு பக்கமாக இழுக்கிறதா? பின்னால் ஆள் இருக்கும்போது கூடுகிறதா? நடை வேகத்தில் நேராகப் போகிறதா? கடைசிக் கேள்விக்குப் பையன் விழித்தான். பிறகு நினைவுகூர்ந்து, "கூட்டத்துல மெதுவா போறப்ப தள்ளாடுது அண்ணே" என்றான். மிஸ்திரி தலையசைத்தார். "ரெண்டு நோய் இருக்கு" என்றார்.

முதலில் டயர். புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 3.25-19 அளவு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. எங்கள் வண்டியின் முன் டயர் கறுப்பு மெருகில் பளபளத்தது. எண்ணைப் பார்த்தால் ஏழு ஆண்டு பழையது. நகத்தால் அழுத்தினால் மரம்போல் இருந்தது. இதை நீங்கள் இன்றே உங்கள் வண்டியில் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. காற்றும் முன்சக்கரத்தில் 35 பவுண்டு இருந்தது. புல்லட்டின் முன்சக்கரத்துக்கு 20 பவுண்டு அளவே போதும். பெட்ரோல் பங்குகளில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு நிரப்பிவிடுவார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து நூல் பிடித்துப் பார்த்தார். கொத்தனார் நூல்தான். பின் டயரின் பின்விளிம்பில் கட்டி, இரு பக்கமும் முன் டயர் வரை இழுத்தார். இரு டயர்களும் ஒரே அகலமாதலால், சக்கரங்கள் ஒரே கோட்டில் இருந்தால் நூல் நான்கு இடத்திலும் தொட வேண்டும். ஒரு பக்கத்தில் அரை விரல் அகலம் விலகி நின்றது. புல்லட்டில் செயின் இறுக்குவதற்கு இரு பக்கமும் நத்தை வடிவில் பற்களுள்ள தகடுகள் உண்டு. இரு பக்கமும் ஒரே பல்லில் இருந்தால் சக்கரம் நேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். "பல்லும் தேயும்ல? நூலு தேயாது" என்றார் மிஸ்திரி.

பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். பையனைக் கைப்பிடியை இரு விரலால் மெதுவாகத் திருப்பச் சொன்னார். இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போகும்போது, சரியாக நடுவில், "டொக்" என்று ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் கைப்பிடி நின்றது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தெளிவாக உணர முடிந்தது. கைப்பிடி சுழலும் தண்டின் மேலும் கீழும் கிண்ணங்களில் எஃகுக் குண்டுகள் உள்ளன. வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகவே ஓடுவதால், சாலைப் பள்ளங்களின் அடி முழுவதும் அந்த ஒரே நிலையில் குண்டுகள் வழியே கிண்ணத்தில் இறங்கும். சிறு சிறு குழிகள் விழும். அதன்பின் கைப்பிடி நடுவில் ஒட்டிக்கொள்ளும். நூலிழைத் திருத்தங்கள் நடவாது. மெதுவாகப் போகையில் தள்ளாடுவது இதனால்தான்.

திறந்தபோது கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் ஆகியிருந்தது. குண்டுகள் துருவில் சிவந்து, சில உடைந்து கிடந்தன. கிண்ணத்தில் தஸ்பீஹ் மணிகளை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்ததுபோல் வட்டமாகத் தழும்புகள். வெளியூர்ப் பட்டறையில் இதைத் திறக்கவே இல்லை. இடைவெளி விழுந்து ஓசை வந்திருக்கிறது; மேல் நட்டை இறுக்கி ஓசையை நிறுத்தியிருக்கிறார்கள். சில நூறு ரூபாய் பெறும் குண்டும் கிண்ணமும் மாற்றாமல், டாங்கின் பொன்கோட்டுக்கு அதைவிடப் பன்மடங்கு வாங்கியிருந்தார்கள்.

அப்போது மிஸ்திரி வேறொன்றையும் கண்டார். தண்டு நுழையும் குழாயின் அடியில், சேஸ் கம்பி சேரும் இடத்தில், வண்ணம் சற்று மேடாக இருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தால் சுரண்டினார். புது வண்ணத்தின் அடியில் பழைய வெல்டிங். வாப்பா ஒருமுறை ஏர்வாடிச் சாலையில் மாடு குறுக்கே வந்து விழுந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அப்போது நான் சிறுவன். இரண்டு வாரம் வீட்டில் படுத்திருந்தார்கள். வண்டியையும் எங்கோ சரிசெய்து வந்தார்கள். அந்த வெல்டிங்தான் இது.

பையன் நாணயம் சுரண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சேஸில் வெல்டிங் உள்ள வண்டி என்றால் சேகரிப்பாளரிடம் விலை இறங்கும் என்பது அவனுக்குத் தெரியும். மிஸ்திரி சேஸை நூலாலும் மட்டப் பலகையாலும் அளந்தார். கோணவில்லை. வெல்டிங்கில் வெடிப்பும் இல்லை. "நல்ல கை வெச்ச வேல. முப்பது வருஷம் தாங்கிருச்சு, இன்னும் தாங்கும்" என்றார். பையன் மெல்லக் கேட்டான்: "அப்ப இது குறையா மாமா, குறையில்லையா?"

நல்ல கேள்வி, வகுப்பில்கூட இவ்வளவு கூர்மையாக யாரும் கேட்டதில்லை. பொருளின் பயனைக் கெடுப்பது மட்டும் குறையன்று. அப்பொருளை அறிந்தோர் வழக்கத்தில் அதன் விலையைக் குறைப்பதும் குறையே. வெல்டிங் வண்டியின் ஓட்டத்தைக் கெடுக்கவில்லை. ஆனால் மதுரைக்காரர் அதை அறிந்தால் அந்த விலை தரமாட்டார் என்பதே அது சொல்லப்பட வேண்டியது என்பதற்குச் சான்று. இதைச் சொன்னபோது அவன் மறுத்துப் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "எவ்வளவு கொறைப்பாரு?" என்று மிஸ்திரியிடம் கேட்டான். அவர் தோளைக் குலுக்கினார். விலை குறைந்தால் எனக்கு வரவேண்டிய 14,000 ரூபாயும் தள்ளிப்போகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

வேலையைத் தொடர்ந்தார். முன் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் கழற்றி, கண்ணாடிப் பலகைமேல் உருட்டினார். ஒன்று சீராக உருண்டது. மற்றொன்று ஒரு சுற்றில் ஒருமுறை தூக்கிக் காட்டியது. வளைந்ததை நிமிர்த்தித் தருவோர் உண்டு; இவர் மறுத்துவிட்டார். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த குழாய் மறுமுறை எங்கே வளையும் என்று யாரும் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். குழாய் இரண்டும் புதிது போட்டு, இரண்டிலும் ஒரே அளவு எண்ணெய் அளந்து ஊற்றினார். பழைய எண்ணெயை வடித்தபோது ஒன்றில் மற்றதின் பாதிகூட இல்லை.

புதுக் கிண்ணம், புதுக் குண்டு, நிறையக் கிரீஸ். மேல் நட்டை இறுக்குவதில்தான் கை வேண்டும். தளர்ந்தால் ஃபோர்க் முன்பின் அசையும். இறுகினால் கைப்பிடி ஒட்டும். சிறிது சிறிதாக இறுக்கி, ஃபோர்க்கின் கீழ்முனையை இரு கையால் பிடித்து முன்பின் ஆட்டிப் பார்த்தார். அசைவு நின்ற இடத்தில் நிறுத்தி, கைப்பிடியை நடுவிலிருந்து ஒரு விரலால் தொட்டுவிட்டார். தன் எடையாலேயே இடப்பக்கம் போய் விழுந்தது. நடுவில் வைத்து மறுபக்கம் தொட்டார்; அப்படியே விழுந்தது. இந்தச் சோதனையை உங்கள் மெக்கானிக்கிடம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

முன் டயரும் மாற்றி, சக்கரங்களை நூலுக்கு நேராக்கிய பின் பையன் ஓட்டினான். ஐம்பதிலும் அறுபதிலும் கைப்பிடி அமைதி. திரும்பி வந்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். ஏறும்போது ஓதும் துஆவை இருவரும் ஓதிக்கொண்டோம். எழுபதை நெருங்கியபோது, படபடப்பு இல்லை. ஆனால் வண்டி என் கீழே மெதுவாக நெளிந்தது. மிஸ்திரி சொன்ன இரண்டாம் நோய்.

பின்சக்கரத்தைத் தாங்கும் கவை சேஸோடு சேரும் இடத்தில் வெண்கல புஷ் இரண்டு உண்டு. பின்சக்கரத்தை ஒரு கையாலும் சேஸை மறு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தபோது "கிளிக்" என்று ஓசை வந்தது. அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் புஷ்ஷில் மயிரிழை அளவு ஆட்டம், ஒரு முழம் தள்ளியுள்ள சக்கரத்தில் பன்மடங்காகும். முன்சக்கரம் ஒரு திசை பார்க்க, பின்சக்கரம் வேறு திசை பார்க்கும். ஆள் ஏறினால் எடை பின்னுக்குப் போய் முன்சக்கரம் லேசாகும், நெளிவு கூடும். புஷ் மட்டும் மாற்றினால் போதாது. அதனுள் ஓடும் தண்டும் தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றி, லேத் பட்டறையில் புஷ்ஷைத் தண்டின் அளவுக்குத் துளை பிடித்துத் தந்தார்கள். அதன்பின் எழுபதில் இருவராகப் போனோம். ஒன்றுமில்லை. முன்பக்க வேலை, பின்பக்க வேலை, டயர், கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய் ஆயிற்று. முதற்பட்டறைக்குக் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஓட்டும்போது கைப்பிடி ஆடத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்று மிஸ்திரி பையனுக்குச் சொன்னதை இளைஞர்களுக்காக இங்கே எழுதுகிறேன். முன் பிரேக்கை அழுத்தாதே. கைப்பிடியை முறுக்கிப் பிடிக்காதே. பிடியைச் சற்று இளக்கு. ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறை. உடலைச் சற்று முன்னே சாய்த்து, வேகம் தானே இறங்க விடு. அச்சத்தில் நம் கை செய்ய விரும்புவதற்கு இவை நேரெதிர் என்பதால், முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு பையன் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினான். சேஸில் பழைய வெல்டிங், இடம் இன்னது. ஃபோர்க் குழாய்கள் அசல் அல்ல, புதியவை. பால்ரஸ், புஷ், தண்டு மாற்றியவை. பின் டயர் பழையது, மாற்ற வேண்டும். இப்படி ஏழு வரிகள். மதுரைக்காரருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினான். மறுமுனையில் நீண்ட அமைதி. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டார். பத்து நாள் ஒன்றும் இல்லை. ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது, சாச்சா கேட்கவில்லை என்றாலும் பையன் அவர் வீட்டுப் பக்கம் போவதைத் தவிர்த்தான். லாத்தா என்னிடம், "நீங்க அந்த வெல்டிங்கயாவது சொல்லாம இருக்கச் சொல்லிருக்கலாம்ல தம்பி" என்றார்கள். தாயின் மனம், நான் ஒன்றும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் அவரே வந்தார், தன் மகனோடு, பேருந்தில். மினி லாரி எதுவும் இல்லை. தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக வண்டியில் தொட்டுப் பார்த்தார். 1,08,000 என்றார். பையன் 1,10,000 என்றான். அங்கேயே முடிந்தது. படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பமிட்டபின், அந்தத் தாளையும் கேட்டு வாங்கி, மடித்துப் பதிவுச் சான்றிதழ் உறையில் வைத்துக்கொண்டார். "எப்படிக் கொண்டுபோறீங்க?" என்று கேட்டேன். "ஓட்டித்தான். பையனப் பின்னால ஒக்கார வெச்சு மதுரை வரைக்கும் ஓட்டணும்னுதான் பஸ்ல வந்தேன்" என்றார். பையன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

உம்மா தேநீர் அனுப்பினார்கள். குடித்துவிட்டு அஸருக்குச் சற்று முன் கிளம்பினார்கள். மஃரிபுக்குப் பின் பரமக்குடியிலிருந்து அழைப்பு வந்தது. பையன் ஸ்பீக்கரில் போட்டான். அறுபத்தைந்து வரை ஓட்டியதாகவும், கைப்பிடி கல்போல் நிற்பதாகவும், முன் பிரேக் மட்டும் பிடிக்கும்போது கீச்சென்று கத்துவதாகவும் அவர் சொன்னார்.

"அது ஏழாவது வரியில இருக்கு அண்ணே" என்றான் பையன்.

வஸ்ஸலாம்.